இரை எடுக்காத குட்டி

— லைட்ட அணைச்சிரு மஹ்மூதா. வெளிச்சத்துல அது தலையத் தூக்காது.

— அணைச்சா நீங்க தடுமாறி அந்தப் பொட்டி மேலயே விழுவிய. அடுக்களை லைட்டு எரியட்டும், கதவ ஒருக்களிச்சு வைக்கேன். போதுமா?

— போதும். அந்தக் கிண்ணத்த இங்கன தள்ளு. வென்னி ஆறிட்டா பாரு.

— நான் கைய வைக்க மாட்டேன். உள்ள செத்த எலிக்குஞ்சுல்லா கெடக்கு.

— பிளாஸ்டிக் பையில போட்டுத்தானட்டி முக்கி வச்சிருக்கேன். ஒனக்கும் எலிக்கும் நடுவுல பையி இருக்கு.

— பையி இருந்தா அது எலி இல்லன்னு ஆயிருமா? ஆட்டுக்கறி வைக்க ஐஸ்பொட்டியில அத வைக்க விட்டேன் பாருங்க, அதுவே பெருசு.

— சரி, நீ பெரிய மனுசிதான். பேசாம இரு. இதுக்கு ஒதட்டோரமா சின்னச் சின்னக் குழி இருக்குல்லா, அதுலதான் சூட்டக் கண்டுபிடிக்குமாம். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னா. உசுரோட இருக்க எலி எம்புட்டு சூடோ, அம்புட்டு சூடு இருக்கணும். ஆறிப்போச்சுன்னா இதுக்கு அது கல்லு மாதிரிதான்.

— நம்ம புள்ள ரசீத்து இதெல்லாம் பண்ணுதப்போ நீங்க அந்த ரூம்ப எட்டிக்கூடப் பாக்கல.

— இப்பப் பாக்கேன்லா? அன்னா, அன்னா பாரு. நாக்க நீட்டுது.

— எனக்கு ஒண்ணும் தெரியல.

— நீட்டுதுட்டி. மோந்து பாக்குது. ஏலே சின்னவனே, இந்தா, சூடா இருக்குலே. பைய வா. பைய. அப்பிடித்தான். புடி. புடிச்சிருலே.

— எங்க?

— போச்சு. தலைய உள்ள இழுத்துக்கிட்டு. பாரு, பந்து மாதிரி சுருண்டுட்டு. செத்த எலியப் பாத்துப் பயப்படுத பாம்ப நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

— விட்டுருங்க. அதுக்கு இன்னைக்கு வேண்டாம் போல.

— இன்னைக்கு வேண்டாம், நேத்து வேண்டாம், போன வெள்ளிக்கெழம வேண்டாம். எப்பத்தான் வேணும்? முட்டையக் கீறிக்கிட்டு வந்துச்சு, சட்டையும் உரிச்சிட்டு. சட்டை உரிச்சதும் பசிக்கும்னா டாக்டரம்மா. பசிக்கலியே. முதுகப் பாரு, ஓட்டுக்கூர மாதிரி நடு எலும்பு தூக்கிக்கிட்டு நிக்கி. ரெண்டு பக்கமும் சதை வடிஞ்சு போச்சு.

— அல்லா அதுக்குன்னு படியளந்து வச்ச ரிஜ்க்கு இருந்தா அது திங்கும். இல்லன்னா நீங்க தலகீழா நின்னாலும் திங்காது. எந்திரிங்க. எம்புட்டு நேரமா குத்த வச்சிருக்கிய. முட்டி புடிச்சிக்கிடும்.

— இன்னைக்குப் பேசுனானா?

— யாரு?

— யாருன்னா? ஒம் மவன்தான்.

— ம். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்தேன், அப்பம்.

— நான் கடையில இருக்கப் பாத்துத்தான் பேசுதான். என்ன கேட்டான்?

— அதத்தான் கேட்டான். பாம்பு தின்னுச்சான்னு.

— மொதக் கேள்வியே அதானா?

— மொதக் கேள்வி அதான்.

— எம் பேச்ச எடுத்தானா?

— வாப்பாக்கு ஒடம்பு தேவலையான்னு கேட்டான்.

— அப்பிடியா கேட்டான்? எந்தக் குரல்ல கேட்டான்? கோவமாக் கேட்டானா, சும்மா கேட்டானா?

— கேட்டான். குரல்ல என்ன இருக்கு? நல்லாத்தான் கேட்டான்.

— என்ன சாப்ட்டானாம்?

— குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்.

— பருப்பா? அவன் பருப்ப மோந்துகூடப் பாக்க மாட்டானே. இங்கன நீ பருப்பாணம் வச்ச அன்னைக்கெல்லாம் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போவான்லா.

— அங்க ஆரு கறியும் மீனுமா ஆக்கிப் போடுதா? கெடச்சதத் திங்கான்.

— அதுவும் சரிதான். இதுக்கு என்ன செய்யணும்னு சொன்னான்?

— தொந்தரவு பண்ணாம விட்டுருங்கன்னான்.

— அவனா? அந்தக் காலத்துல குட்டிங்க ஒரு வேள திங்காட்டா ராவு பகலா அதுக கிட்டயே கெடப்பான். அவனா விட்டுருங்கன்னான்?

— சொன்னதத்தான சொல்லுதேன்.

— சரி. அவனுக்குத்தான் தெரியும். நாம என்னத்தக் கண்டோம். அந்தத் துணியப் போட்டு மூடு. இருட்டுலயாவது பயமில்லாமக் கெடக்கட்டும்.

*

— மஹ்மூதா! ஏட்டி மஹ்மூதா! இங்க வந்து பாரு. எலி இல்ல!

— காலங்காத்தாலே எதுக்கு இந்தக் கூப்பாடு? பக்கத்து வீட்டுல என்னன்னு கேக்கப் போறாங்க.

— கேக்கட்டும். செத்ததத் திங்கலன்னு உசுரோட இருந்த எலிக்குஞ்ச வாங்கியாந்து பொட்டிக்குள்ள விட்டுட்டுத்தான படுத்தேன்? இப்பம் காணல. தின்னுட்டு மஹ்மூதா. கடைசியில தின்னுட்டு. வயித்தப் பாக்கணும், இந்தத் துணியப் புடி.

— துணிய எடுக்காதிய. இருங்க. அது தின்னல.

— தின்னாம எலி எங்க போச்சு?

— நாந்தான் எடுத்தேன்.

— நீயா? எலிய நீ தொட்டியா?

— கரண்டியால எடுத்தேன். விடியமுன்ன சுபுஹு தொழ எந்திரிச்சப்போ கீச்சு கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. பாத்தா அந்த முஸீபத்து புடிச்ச பாம்பு ஒரு மூலையில சுருண்டு கெடக்கு, எலிக்குஞ்சு இன்னொரு மூலையில வெறச்சுக்கிட்டுக் கெடக்கு. கண்ணுகூட முழிக்கல. பச்ச மண்ணு. அது ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பயந்துக்கிட்டுக் கெடக்கத எப்பிடி நான் பாத்துக்கிட்டு இருக்க?

— எங்க அது இப்பம்?

— அடுப்படியில. தேயிலை டப்பாவுல பஞ்சு வச்சு... திரியால பாலு தொட்டு வச்சேன்.

— யா அல்லா. இரும்புக்கடை அகமது மீரான் எலி வாங்க வாரான்னு வண்ணார்பேட்டை கலர்மீன் கடையில இருக்கவன் பூராம் சிரிக்கான். வாங்கிக் கொண்டாந்தா, பொண்டாட்டி அதுக்குப் பால் ஊட்டுதா.

— சிரிக்காதிய.

— நான் எங்கட்டி சிரிக்கேன்? எம் மூஞ்சியப் பாரு. தின்னுட்டுன்னு நெனச்சேன் மஹ்மூதா. துணிய முழுசா எடுக்க முன்னயே ஒனக்கு சத்தம் குடுத்தேன். நெஞ்சு எப்பிடி அடிக்கின்னு கையி வச்சுப் பாரு.

— உக்காருங்க. தண்ணி குடிங்க. இதுக்குத்தான் சொல்லுதேன். அதக் காட்டிலாகாக்காரங்க கையில குடுத்துருவோம். முறையாப் பதிஞ்சு வளத்ததுதான, வாங்கிக்கிடுவாங்க. அவங்ககிட்ட பண்டுவம் பாக்க ஆளு இருக்கு. இங்க கெடந்து நம்ம கண்ணு முன்னால சாகதுக்கு அங்கயாவது போகட்டும்.

— குடுத்துட்டு? அவன்ட்ட என்னன்னு சொல்ல? தாயத்தான் கொன்னேன், பொறவு குட்டியையும் கை கழுவிட்டேன்னு சொல்லவா?

— கொன்னது நீங்க இல்ல.

— நாந்தான். சாக்க யாரு தூக்கிக்கிட்டுப் போனா?

— இப்பம் எதுக்கு அந்தப் பேச்சு?

— எப்பம் பேச? நம்ம மவ ஃபர்ஹத்தப் பொண்ணு பாக்க வந்தவங்க செருப்ப மாட்டக்கூட நிக்காம ஓடுனாங்க. கூட வந்த சின்னப் புள்ள ரசீத்து ரூம்புக் கதவத் தொறந்துட்டு, அம்புட்டுத்தான். மறுநாளு கடைக்கு வாரவன் போறவன் எல்லாம் கேக்கான், அண்ணாச்சி, வீட்டுல பாம்பு வளக்கியளாமேன்னு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. அவன் இல்லாத நேரம் பாத்துத்தான் உள்ள போனேன்.

— முட்டையச் சுத்திப் படுத்திருந்துச்சு.

— ஆமா. அது என்னக் கடிக்கல மஹ்மூதா. ஒவ்வொரு சுத்தா உரிச்சு எடுக்கேன், அது பாட்டுக்கு எங் கையில சுத்திக்கிட்டு. சிமெண்டுச் சாக்குல போட்டு வண்டி முன்னால வச்சுக் கருப்பந்துறைக்குக் கொண்டு போனேன். கொல்லணும்னு நெனைக்கல. ஆத்தங்கரையில விட்டா எங்கயாவது போயிப் பொழச்சுக்கிடும்னுதான் நெனச்சேன். அல்லா மேல சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்.

— வீட்டுக்குள்ளயே பொறந்து வளந்த பாம்பு. அதுக்கு மனுசனக் கண்டா ஓடத் தெரியுமா? குளிக்க வந்தவங்க கல்லத் தூக்குனப்போகூடச் சுருண்டுதான் கெடந்திருக்கும்.

— சொல்லாத.

— எம் புள்ள அதத் தான் உடுத்துன சாரத்துல பொதிஞ்சு கொண்டாந்தான். முருங்க மரத்து மூட்டுல மண்வெட்டிகூட எடுக்கல, கையாலயே தோண்டுனான். நகத்துல எல்லாம் ரத்தம். நான் தண்ணி கொண்டு போயி வச்சேன். குடிக்கல. மஸ்கட்டு விசா வந்தும் போக மாட்டேன்னு இருந்தவன், விடியமுன்ன பையத் தூக்கிட்டுப் போயிட்டான்.

— என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் வாசல்லதான் நின்னேன்.

— தெரியும்.

— நான் போட்ட போனை ஒண்ணுகூட எடுக்கல. பொறவு எந் நம்பரு போகவே செய்யல. அவன் விட்டுட்டுப் போன முட்டைய நாந்தான பாத்தேன்? தெர்மக்கோல் பொட்டிக்குள்ள பல்ப மாட்டி, கரண்டு போனா சுடுதண்ணி பாட்டில அணைய வச்சு. ஒவ்வொண்ணாப் பூசணம் பூத்து அமுங்கிப் போச்சு. இது ஒண்ணுதான் நின்னுச்சு. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தப்போகூட நீதான பல்பப் பாத்துக்கிட்ட?

— பாத்துக்கிட்டேன். இந்தக் கையாலதான்.

— கஞ்சிகூட எறங்காமக் கெடந்தேன். இனி எந்திரிக்க மாட்டேன்னு டாக்டர்மாரே பேசிக்கிட்டாங்க. நீதான் வந்து காதுல சொன்ன. ரசீத்து பேசுனான், முட்டையப் பாத்துக்கிடச் சொன்னான், குட்டி வெளிய வந்து மொத இரை எடுத்துட்டா வாப்பாட்ட பேசுதேன்னான், அப்பிடின்னு. அன்னைக்கு எந்திரிச்சு உக்காந்தவன்தான நான்?

— ஆமா. அன்னைக்குத்தான் கஞ்சி குடிச்சிய.

— அதான் சொல்லுதேன். இது தின்னாகணும். அவன் சொன்ன சொல்லு மாற மாட்டான்.

— தின்னாட்டா மட்டும் பேசாமலா போயிருவான்? பெத்த புள்ள. கொஞ்ச நாளு ஆகட்டும்.

— எம்புட்டு நாளு? எனக்கு எம்புட்டு நாளு இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? அந்தக் குட்டிக்கு எம்புட்டு நாளு இருக்கு? நீ ஏன் எப்பம் பாத்தாலும் விட்டுருங்க, விட்டுருங்கன்னே சொல்லுத? ஒனக்கு அது தின்னுரக் கூடாதுன்னே இருக்கா?

— ஒங்களுக்குக் கோட்டி புடிச்சிருக்கு. மாத்திர போடுத நேரமாச்சு, எந்திரிங்க.

*

— கதவ அடைச்சுட்டியா?

— அடைச்சாச்சு. ஃபேனையும் அமத்திட்டேன். நெசமாவே இத செய்யணுமா?

— வேற வழி இல்லன்னுட்டா டாக்டரம்மா. இதுதான் கடைசின்னா. செத்த எலியோட மூஞ்சியால அது வாயோரத்தப் பைய நெருடணும். வாயத் தொறந்ததும் எலித் தலைய உள்ள வச்சுட்டு அசையாம இருக்கணும். நாம அசைஞ்சா துப்பிரும். தொயந்து, திரும்பத் திரும்பப் பண்ணக் கூடாதாம். பண்ணுனா பயத்துலயே போயிருமாம்.

— அந்த அம்மாவையே வந்து செய்யச் சொன்னா என்ன?

— ராமையன்பட்டியிலேருந்து நம்ம வீட்டுக்கு எலி ஊட்ட வருவாளா? அங்க கொண்டு போனா ஆட்டோவுல குலுங்கி இன்னும் வெருண்டுரும்னா. எங் கையப் பாரு. அந்த மாத்திர திங்க ஆரம்பிச்சதிலேருந்து இந்த நடுக்கந்தான். கடையில ஒரு மறையாணியக்கூட நேராத் திருக முடியல. நான் தலையப் புடிச்சா நீ ஒடம்பத் தாங்கிக்கிடணும்.

— நானா?

— பொறவு வந்த எடத்துல கட்டிக் குடுத்து ஃபர்ஹத்தும் கடையநல்லூர்ல புருசன் வீட்டுல இருக்கா. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?

— எனக்குப் பயமா இருக்கு.

— கடிக்காது. கடிச்சாலும் விசம் கெடையாது. அதுக்குக் கடிக்கத் தெம்பு இருந்தா நாம ஏன் இப்பிடி உக்காந்திருக்கோம்?

— பாம்புக்குன்னா சொன்னேன்?

— பொறவு எதுக்குப் பயம்?

— ஒண்ணுமில்ல. குடுங்க. எங்கன புடிக்கணும்?

— இங்கன. இறுக்காத. உள்ளங்கையில கெடக்கட்டும். ம், அப்பிடித்தான்.

— யா அல்லா, எப்பிடிக் குளுந்து கெடக்கு. கனமே இல்லியே. வெறும் கயிறு மாதிரில்லா இருக்கு. இது இம்புட்டு மெலிஞ்சிட்டுன்னு எனக்குத் தெரியாது.

— எட்ட நின்னு பாத்தா எப்பிடித் தெரியும்? பேசாத இப்பம். பிஸ்மில்லாஹ். தொற லே. வாயத் தொற. தொற மக்கா.

— தொறக்குது.

— தெரியுது. அசையாத... சே! துப்பிட்டு.

— போதும். விட்டுருவோம். அது தலைய எப்பிடி ஆட்டுது பாருங்க.

— இன்னொரு தடவ.

— டாக்டரம்மா தொயந்து பண்ணக் கூடாதுன்னால்லா?

— இன்னொரே தடவ மஹ்மூதா. இது திங்கலன்னா நாளைக்கு நானே கொண்டு போயிக் காட்டிலாகாவுல குடுத்துருதேன். அவன் பேசாட்டாலும் பரவால்ல. நீ சொன்னபடியே கேக்கேன். இந்த ஒரு தடவ எங்கூட இரு.

— சரி. ஒங்க மணிக்கட்ட எங் கை மேல வச்சுக்கிடுங்க. நடுக்கம் தெரியாது.

— பிஸ்மில்லாஹ்.

— பைய.

— தொறந்துட்டு. உள்ள வச்சுட்டேன். கைய எடுக்கேன். நீ மூச்சு விடாத.

— புடிச்சிருக்கா?

— புடிச்சிருக்கு. துப்பல. அப்பிடியே வச்சிருக்கு.

— என்ன யோசிக்கி?

— சத்தம் காட்டாத. தாடை அசையுது. மஹ்மூதா, தாடை அசையுது. ஒரு பக்கம்... இன்னொரு பக்கம்... உள்ள இழுக்கு. இழுக்குட்டி.

— இது எங் கையைச் சுத்துது.

— சுத்தட்டும். தெம்பு வருது அதுக்கு. பாரு, எலியில பாதி போயிட்டு. ஏலே சின்னவனே, எம் மக்கா, முழுங்குல. முழுங்கிரு. அவசரம் இல்ல. நாங்க எங்கயும் போகல. அன்னா, காலும் போயிட்டு. வாலு மட்டுந்தான் வெளிய நிக்கி. போச்சு! வாலும் போச்சு! அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

— தொண்டையில வீங்கிக்கிட்டு நிக்கே. அடைச்சுக்கிடாதே?

— அதுதான் எலி. கீழ எறங்குது பாரு. பையப் பொட்டிக்குள்ள விடு. இனி யாரும் தொடக் கூடாது அத. துணியப் போட்டு மூடு. ஏட்டி, ஏன் அழுத?

— ஒண்ணுமில்ல.

— சந்தோசத்துல அழுத. அழு, நல்லா அழு. நானும் அழுதேன் பாரு. எம்புட்டு நாளு ஆச்சு இந்த வீட்டுல ஒரு நல்லது நடந்து. போன எங்க வச்ச?

— எதுக்கு?

— எதுக்கா? அவன்ட்டச் சொல்லணும்லா!

— கையக் கழுவிட்டு வாங்க மொதல்ல. எலியத் தொட்ட கையி.

— பொறவு கழுவுதேன். போனக் குடு.

— அவன் இப்பம் வேலையில இருப்பான்.

— வெள்ளிக்கெழம அங்க என்ன வேல? லீவுல்லா.

— லீவுன்னா தூங்குவான். நாளைக்கு நான் பைய எடுத்துச் சொல்லுதேன். நான் சொன்னாத்தான் அவன் மனசு எளகும். நீங்க எடுத்த எடுப்புல பேசுனா...

— இது தின்னா பேசுதேன்னுதான சொல்லியிருக்கான்? தின்னுட்டு. இனி நடுவுல நீ எதுக்கு? மன்னிச்சிரு மக்கான்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான் நான் சொல்லப் போறேன். அவன் ஏசட்டும், எம்புட்டு வேணும்னாலும் ஏசட்டும். அவன் குரலு காதுல விழுந்தாப் போதும். அன்னா, அடுக்களையில மேடையில இருக்கு போனு.

— எடுக்காதிய. சொல்லுதேன்லா, எடுக்காதிய.

— ஏன் இப்பிடி மறிக்க?

— நான் ஒண்ணு சொல்லணும். மொதல்ல உக்காருங்க. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க கெடந்த கெடப்பப் பாத்துட்டு நான்...

— பொறவு சொல்லு, எல்லாம் பொறவு சொல்லு. தெனமும் பேசுத நம்பரு, மேலயே கெடக்கு பாரு. ரசீத்துன்னு போட்டிருக்கு. மணி அடிக்கு. நீயும் கேளு, சத்தமா வச்சிருக்கேன்.

— வச்சிருங்க. ஒங்க காலப் புடிக்கேன், வச்சிருங்க.

— எடுத்துட்டான்! ஹலோ!

— ஹலோ உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். என்ன உம்மா, இந்நேரத்துல விளிச்சிருக்கீங்க? பாம்பு எதாச்சும் தின்னோ?

— தின்னுட்டு மக்கா! தின்னுட்டு! வாப்பா பேசுதேம்ல. முழு எலியையும் முழுங்கிட்டு, வாலுகூட மிச்சம் இல்ல. உம்மாதான் கையில வச்சிருந்தா. ரசீத்து... ஒந் தொண்ட ஏம்ல இப்பிடி இருக்கு? மலையாளத்துக்காரன் மாதிரில்லா பேசுத.

— அய்யோ, ரசீத் இல்ல. நான் சஜீர். கோழிக்கோடு. ரசீத் போன எடத்துல வேலைக்கு வந்த ஆளு. இது கம்பெனி சிம்மு, அப்படியே எனக்குத் தந்தாங்க. உம்மா ஒண்ணும் சொல்லலியா? உம்மா டெய்லி விளிக்கும், பாம்போட காரியம் சொல்லும். நானும் கேக்கும். எனக்கு உம்மா இல்ல.

— மஹ்மூதா, யாருட்டி இவன்? என்ன சொல்லுதான்? ஏய் தம்பி, ரசீத்து எங்க? அவன்ட்டக் குடு போன.

— ரசீத் நோம்புக்கு முன்னாடியே கேம்ப விட்டு எறங்கிப் போயாச்சு வாப்பா. யாருக்கும் ஒரு விவரமும் இல்ல. நீங்க சந்தோஷமாப் பேசுறதக் கேட்டு, அவனக் கண்டு கிட்டியாச்சுன்னு நெனச்சேன். அப்போ, வாப்பாவுக்கும் அவன் எங்கேன்னு தெரியாதா?